வாசகர் கேள்வி பதில்: பழைய வண்டி எப்போ லைனுக்கு வரும்?

போன இதழில் எக்ஸ்சேஞ்ச் வண்டிகளைப் பற்றி எழுதினாலும் எழுதினோம், இந்த முறை வந்த கடிதங்களில் பாதி பழைய கார் வாங்கி வேலை பார்த்து விற்கிறவர்களிடமிருந்துதான். லைன் என்றால் வண்டியை விற்பனைக்கு நிறுத்துகிற வரிசை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டதால் ஊர் மட்டும்.

திருப்பூர் வாசகர்: அவிநாசி ரோட்டில் யூஸ்டு கார் யார்டு வைத்திருக்கிறோம். எப்போதும் இருபது, இருபத்தைந்து வண்டி நிற்கும். அதில் விற்கிற நிலையில் இருப்பது பாதிதான். மீதியைக் கேட்டால் "ரெண்டு நாள்ல ஆயிருங்ண்ணா" என்கிறார்கள், அப்படியே மூன்று வாரம் ஓடிவிடுகிறது. இதையெல்லாம் டிராக் பண்ண சாஃப்ட்வேர் இருக்கிறதாம், வாங்கலாமுங்களா?

வாங்கலாமுங்க, ஆனால் இந்த மாதமே வேண்டாம். முதலில் ஏதாவது ஒரு வண்டியைப் பிடித்து, அது உங்கள் கேட்டுக்குள் நுழைந்ததிலிருந்து என்ன ஆயிற்று என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அநேகமாக இப்படித்தான் இருக்கும்: திங்கள் மத்தியானம் ஒரு 2018 ஸ்விஃப்ட் வருகிறது. செவ்வாய் காலையில் மெக்கானிக் பார்த்துவிட்டு, லோயர் ஆர்ம் புஷ் போச்சு, பேட்டரி வீக், பின் பம்பரில் கீறல், இடது பின் கதவில் டெண்ட், ஏசி கூலிங் கம்மி என்று சொல்கிறார். எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள் முடிகிற வேலை. எஸ்டிமேட் உங்கள் வாட்ஸப்பில் வந்து விழுகிறது. அன்றைக்குப் பார்த்து முகூர்த்தம், நீங்கள் காங்கேயத்தில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். புதன்கிழமை சாயங்காலம் பார்த்து, "பம்பருக்கு ரப்பிங் பாலிஷ் போட்டா பத்தாதா?" என்று கேட்கிறீர்கள், அதற்குப் பதில் வியாழன் வருகிறது. வெள்ளி அன்று புஷ் வாங்கப் போன பையன் பேட்டரியை மறந்துவிட்டு வருகிறான். சனிக்கிழமை பெயிண்ட் பட்டறைக்குப் போனால் அங்கே முன்னால் நான்கு வண்டி. ஞாயிறு லீவு. அடுத்த வாரம் பெயிண்ட் முடிந்தாலும் அதை ஓட்டிக்கொண்டு வர ஆள் இல்லை, வந்த பிறகு வாட்டர் வாஷ் ஆள் இல்லை, வாஷ் முடிந்தால் போட்டோ எடுக்கிற பையன் லீவு.

கூட்டிப் பாருங்கள், அந்த வண்டி மேல் ஆள் கை பட்டது மொத்தமே மூன்று நாள் வேலைதான். மீதி நாளெல்லாம் அது யாருக்காகவோ காத்துக்கொண்டு சும்மா நின்றது. அதனால் மெக்கானிக்கை விரட்டிப் பிரயோஜனம் இல்லை, அவர் மூன்று நாள் வேலையை இரண்டரை நாளில் முடித்தாலும் உங்களுக்கு மிச்சமாவது அரை நாள். காலையில் வந்ததும் ஒவ்வொரு வண்டியையும் காட்டி, "இது இப்போ யாருக்காக நிக்குது?" என்று கேளுங்கள். ஒரு ஆளின் பெயரோ, ஒரு பார்ட்டின் பெயரோ பதிலாக வர வேண்டும். "வேலை நடக்குதுங்ண்ணா" என்றால் அது பதில் கிடையாது.

இதற்கு சுவரில் ஒரு வெள்ளை போர்டு போதும். வந்தது, செக்கிங், ஓகே வாங்கணும், ஸ்பேர் வரணும், மெக்கானிக், டிங்கரிங் பெயிண்ட், வாஷ், போட்டோ, ரெடி என்று கட்டம் போட்டு, வண்டி நம்பர் எழுதிய காந்த அட்டையை நகர்த்திக்கொண்டே போகலாம். அட்டையில் இரண்டு தேதி அவசியம். ஒன்று, வண்டி உங்கள் கைக்கு வந்த தேதி. இன்னொன்று, இப்போது இருக்கிற கட்டத்துக்குள் நுழைந்த தேதி. இந்த இரண்டாவது தேதியை நிறையப் பேர் எழுதுவதில்லை. அது இல்லாவிட்டால் "பெயிண்ட்டுக்குப் போயிருக்கு" என்பது மட்டும்தான் தெரியும், போய் ஒன்பது நாள் ஆயிற்று என்பது தெரியாது.

முதல் தேதியிலும் ஒரு ஏமாற்று வேலை நடக்கும். செக்கிங் ஆரம்பித்த நாளிலிருந்து கணக்கு வைத்துவிட்டு, "சராசரி எட்டு நாள்ல முடிச்சுர்றோம்" என்று பெருமையாகச் சொல்வார்கள். நீங்கள் பணம் கொடுத்த நாளிலிருந்து எண்ணுங்கள். புது வண்டி ஷோரூமோடு சேர்ந்த யார்டுகளில் இது இன்னும் மோசம், எக்ஸ்சேஞ்சில் வந்த வண்டியின் சாவி சேல்ஸ் பையனின் டிராயரில் நாலு நாள் தூங்கும், அந்த வண்டி எந்தக் கணக்கிலும் இருக்காது. சராசரியையும் ரொம்ப நம்பாதீர்கள். பதினைந்து வண்டி சீக்கிரம் முடிந்துவிட்டால், மூலையில் இரண்டு மாதமாக நிற்கிற இரண்டு வண்டி சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும். வாரத்துக்கு ஒரு முறை ரொம்ப நாளாக நிற்கிற மூன்று வண்டியை மட்டும் தனியாக எடுத்துப் பேசினாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும்.

அப்புறம், சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது, பெரும்பாலான யார்டுகளில் வண்டி அதிகமாக நிற்கிற கட்டம் "ஓகே வாங்கணும்" என்பதுதான். அதாவது முதலாளிக்காக நிற்கிறது. பேட்டரி, வைப்பர், ஆயில், பிரேக் பேட் இதற்கெல்லாம் உங்களைக் கேட்கவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு தொகை வையுங்கள், ஐந்தாயிரமோ பத்தாயிரமோ உங்கள் தெம்பைப் பொறுத்து, அதற்குள் என்றால் சூப்பர்வைசரே முடிவு செய்யட்டும். இன்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சிடென்ட் பேனல் மட்டும் உங்களிடம் வரட்டும், அதற்கும் அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும். இன்ஜின் புகை தள்ளுகிற வண்டியை நம் லைனில் நிறுத்தி விற்பதா, அப்படியே புரோக்கருக்குத் தள்ளிவிடுவதா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள். பாதி செலவு செய்த பிறகு மனசு மாறினால் அந்தக் காசு போனது போனதுதான்.

நிற்கிற வண்டி சாப்பிடுகிற காசையும் ஒருமுறை பார்த்துவிடலாம். ஐந்து லட்சம் போட்டு வாங்கிய வண்டி, பணம் ஒன்றரை வட்டிக்கு எடுத்தது என்றால் மாதம் 7,500, நாளுக்கு 250 ரூபாய். யார்டு வாடகை மாதம் 60,000, இருபத்தைந்து வண்டி நிற்கிறது என்றால் தலைக்கு நாளுக்கு 80. ஆக 330 ரூபாய், இதில் வாட்ச்மேன் சம்பளமும் இல்லை, மாடல் பழசாகி விலை இறங்குவதும் இல்லை. மூன்று வாரத்துக்கு ஏழாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. பம்பருக்குப் பெயிண்டா பாலிஷா என்று இரண்டு நாள் யோசித்து மிச்சம் பிடித்த காசு எங்கே போயிற்று என்று இப்போது தெரிகிறதல்லவா?

சாஃப்ட்வேர் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க டீலர்ஷிப்களில் வண்டி கைக்கு வந்ததிலிருந்து விற்பனை வரிசையில் போய் நிற்கும் வரை ஆகிற நாட்களை "டைம் டு லைன்" என்று ஒரு அளவாகவே வைத்திருக்கிறார்கள், அதைக் கண்காணிக்கத் தனி சாஃப்ட்வேர்களும் உண்டு. அவை செய்வதும் கிட்டத்தட்ட நம் போர்டு வேலைதான். எந்தக் கட்டத்தில் எப்போது நுழைந்தது, எப்போது வெளியே வந்தது என்ற நேரத்தைத் தானாகக் குறித்துக்கொள்ளும், எஸ்டிமேட்டுக்கு போனிலேயே ஓகே கொடுக்கலாம், தாமதமானால் மணி அடிக்கும். இரண்டு மூன்று கிளை இருந்து, வண்டி கோவைக்கும் ஈரோட்டுக்கும் போய் வருகிறது என்றால் அதற்குக் காசு கொடுக்கலாம். ஒரே யார்டு, நின்ற இடத்திலிருந்தே எல்லா வண்டியும் கண்ணுக்குத் தெரிகிறது என்றால் போர்டும் ஒரு கூகுள் ஷீட்டும் போதும். போர்டில் அட்டையை நகர்த்தச் சோம்பல்படுகிற ஆள் ஆப்பிலும் பட்டனை அமுக்க மாட்டான்.

ஈரோடு வாசகர்: டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் வெளிப் பட்டறையில் கொடுக்கிறோம். வாட்ஸப் குரூப் வைத்திருக்கிறோம், ஆனால் நூறு போட்டோ வருகிறது, எது எந்த வண்டி என்றே தெரியவில்லை. பெயிண்டர் எப்போது கேட்டாலும் "நாளைக்கு" என்கிறார். ஒரு வண்டியில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் காணோம்.

குரூப்பில் "குட் மார்னிங்" ரோஜாப்பூ நடுவில்தான் எஸ்டிமேட்டும் கிடக்கும், அது தகவல் சொல்ல ஆகும், கணக்கு வைக்க ஆகாது. ஒரு வேலை செய்யுங்கள், எந்த போட்டோ போட்டாலும் கீழே வண்டி நம்பரின் கடைசி நான்கு எண் எழுதாமல் போடக் கூடாது என்று வைத்துவிடுங்கள். தேடும்போது அந்த நான்கு எண்ணைத் தட்டினால் அந்த வண்டி சம்பந்தப்பட்டது மட்டும் வரும்.

வண்டி கேட்டைத் தாண்டும்போது ஒரு சீட்டு போடுங்கள். கிலோமீட்டர், பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது, ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் பை, மேட், ஸ்டீரியோ, ஓட்டிப் போகிறவர் யார், எந்தப் பட்டறைக்கு, எதற்காக. திரும்பி வரும்போது அதே சீட்டை வைத்துச் சரிபார்க்க வேண்டும். இது ஸ்டெப்னிக்காக மட்டும் இல்லீங்க. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, பழைய வண்டி வியாபாரி ஆர்டிஓவிடம் அங்கீகாரம் வாங்கியிருக்க வேண்டும், தன்னிடம் இருக்கிற வண்டியை ரோட்டில் எடுத்தால் எதற்காக, யார் ஓட்டினார், எந்த நேரம், எத்தனை கிலோமீட்டர் என்று மின்னணுப் பதிவேடு வைத்திருக்க வேண்டும். பார்ட்டிக்கு ஓட்டிக் காட்ட, ரிப்பேருக்கு, பெயிண்டுக்கு, இன்ஸ்பெக்ஷனுக்கு என்று கொண்டுபோகலாம். மச்சான் வீட்டு விசேஷத்துக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாது. நாளைக்கு ஏதாவது விபத்து என்றால் முதலில் கேட்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

பெயிண்டர் "நாளைக்கு" என்று ஏன் சொல்கிறார் தெரியுமா? போன மாத பில் பாக்கி இருக்கிற வண்டியைத்தான் எந்தப் பட்டறையிலும் மூலைக்குத் தள்ளுவார்கள். வண்டி எடுக்கிற அன்றைக்கே காசு கொடுக்கிற யார்டுக்காரர் வண்டி எப்படியோ முன்னால் வந்துவிடும். இன்னொன்று, மாதக் கடைசியில் ஏழெட்டு வண்டியை ஒரேயடியாகக் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். வாரத்துக்கு இரண்டு என்று நிலையாகக் கொடுத்தால் அவரும் அதற்கு ஏற்ற மாதிரி ஆள் வைத்துக்கொள்வார். தீபாவளிக்கு முன்னால் வடக்கத்திப் பையன்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டால் பத்து இருபது நாளைக்குப் பட்டறையில் சாண்டர் சத்தமே கேட்காது, அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பொள்ளாச்சி வாசகி: கார் யார்டில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். வண்டிக்குச் செய்த வேலைச் செலவை வாங்கின விலையோடு சேர்த்து ஜிஎஸ்டி கணக்குப் போடலாமா? முதலாளி சேர்க்கச் சொல்கிறார்.

சேர்க்க முடியாது அம்மணி. பழைய வண்டிக்கு மார்ஜின் முறையில் வரி போடும்போது விற்ற விலைக்கும் வாங்கின விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. 2024 டிசம்பரில் ஜெய்சல்மரில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் எல்லாப் பழைய வண்டிக்கும் ஒரே விகிதமாக 18 சதவீதம் என்று முடிவு செய்து, 2025 ஜனவரியில் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் சின்ன வண்டிக்கு 12, பெரிய வண்டிக்கு 18 என்று இருந்தது.

உதாரணத்துக்கு 4,00,000க்கு வாங்கி, 35,000 செலவு செய்து, 4,60,000க்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். மார்ஜின் 60,000, அதில் 18 சதவீதம் 10,800. முதலாளி நினைக்கிற மாதிரி 25,000க்கு வரி இல்லை. 60,000இல் செலவு 35,000, வரி 10,800 போனால் நிற்பது 14,200. அதிலிருந்து வட்டி, வாடகை. வாங்கின விலையை விடக் குறைவாக விற்றால் வரி கிடையாது. ஸ்பேர், பெயிண்ட் பில்களில் இருக்கிற ஜிஎஸ்டியை இன்புட்டாக எடுப்பது, அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது பற்றி மட்டும் உங்கள் ஆடிட்டர் எழுத்தில் சொல்லட்டும், வாய்ப் பேச்சை நம்பி எடுக்காதீர்கள்.

அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு தனிப் பக்கம் வையுங்கள், பில்லில் வண்டி நம்பர் இல்லாவிட்டால் காசு இல்லை என்று பட்டறைக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். மொத்தமாக "ஒர்க்‌ஷாப் செலவு" என்று ஒரே தலைப்பில் போட்டால் எந்த வண்டி தின்றது என்று கடைசி வரை தெரியாது. சொந்த வண்டியை விற்கிற, ஜிஎஸ்டி பதிவு இல்லாத சாதாரண ஆளுக்கு இந்த வரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், அந்த டிசம்பரில் பலரும் வீணாகப் பயந்தார்கள்.

கோபிசெட்டிபாளையம் வாசகர்: போட்டோ எடுப்பதையெல்லாம் ஒரு கட்டமாக எழுத வேண்டுமா?

எழுதித்தான் ஆகணும். இன்றைக்குப் பார்ட்டி முதலில் பார்ப்பது போனில்தான், போட்டோ இல்லாத வண்டி அவருக்கு இல்லாத வண்டி. வாஷ் முடிந்த அன்றைக்கே, காலை வெயிலில், ஒரே இடத்தில் நிறுத்தி எடுத்துவிடுங்கள். கிலோமீட்டர் தெரிகிற மாதிரி ஒன்று, டயர் ஒன்று, கீறல் இருந்தால் அதுவும் ஒன்று. கீறலை மறைத்துவிட்டுப் பார்ட்டியை அந்தியூரிலிருந்து வரவழைத்தால் அவர் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்.

நாமக்கல் வாசகர்: வாங்கப் போகிறவன் நான். யார்டில் எல்லா வண்டியும் புதுசு மாதிரி மின்னுகிறது. உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நேராகவே கேளுங்கள்: "இந்த வண்டிக்கு என்னென்ன வேலை பார்த்தீங்க, சீட்டு இருக்குதுங்களா?" ஒழுங்காகக் கணக்கு வைக்கிறவர் உடனே எடுத்து நீட்டுவார். "ஒரு வேலையும் இல்லீங்க, வந்தபடியே நிக்குது" என்று சொன்னால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஐந்து வருஷம் ஓடிய வண்டிக்கு ஒரு வேலையும் இல்லாமல் இருக்காது.

பிறகு நீங்களே பாருங்கள். கதவைத் திறந்து ஓரத்து ரப்பர் பீடிங்கை விரலால் கொஞ்சம் இழுங்கள். கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டிங் சின்னச் சின்ன வட்டக் குழியாக, ஒரே சீரான இடைவெளியில் இருக்கும். அந்தக் குழி இல்லாமல் மொழுமொழுவென்று இருந்தாலோ, விளிம்பில் பெயிண்ட் திட்டாக நின்றாலோ அங்கே பட்டறை கை பட்டிருக்கிறது. பானட் கீல் போல்ட்டின் தலையில் பெயிண்ட் உடைந்திருந்தால் ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள். பெயிண்ட் கனம் பார்க்கிற மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது, கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வாக்கில் இருக்கும், ஒரு கதவு மட்டும் 300ஐத் தாண்டினால் உள்ளே புட்டி. கதவில் புட்டி இருப்பது பெரிய குற்றம் இல்லை, நம் ஊர் சந்தில் ஓட்டினால் கதவு அடிபடத்தான் செய்யும். கூரையைத் தாங்குகிற பில்லரிலும் அடிச்சட்டமான சேஸிஸின் முனையிலும் இருந்தால்தான் விட்டுவிட வேண்டும்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். இன்டீரியர் கிளீனிங்கில் சீட்டைக் கழுவுவார்கள், கார்பெட்டைக் கழுவுவார்கள், ரீலுக்குள் சுருண்டிருக்கிற பெல்ட்டை மறந்துவிடுவார்கள். கடைசி ஒரு சாண் பெல்ட்டில் மண் கறை இருந்தால் தண்ணீர் ஏறிய வண்டி என்று சந்தேகப்படலாம். டயரில் நான்கு எண் இருக்கும், 2321 என்றால் 2021ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது. 2022 மாடல், இருபதாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லிவிட்டு நாலு டயரும் 2024 என்றால், ஏன் இவ்வளவு சீக்கிரம் மாற்றினார்கள் என்று கேட்கணும்.

கோவை வாசகர்: வேலையெல்லாம் பத்து நாளில் முடித்துவிடுகிறோம், ஆனால் பேப்பர் வராமல் டெலிவரி தள்ளிப்போகிறது. பாதி வண்டி கேரளா, கர்நாடகா வண்டி.

அப்படியென்றால் உங்கள் போர்டில் பேப்பருக்கு ஒரு வரிசை இல்லை என்று அர்த்தம். பேப்பர் வேலை கடைசிக் கட்டம் கிடையாது, முதல் நாளிலிருந்து பெயிண்ட் வேலையோடு பக்கத்திலேயே ஓட வேண்டியது. வண்டி வந்த அன்றைக்கே எம்பரிவாஹன் ஆப்பில் நம்பரைப் போட்டு லோன் இருக்கிறதா, இன்சூரன்ஸ் எது வரை என்று பாருங்கள், சலான் பாக்கியையும் இ-சலான் தளத்தில் பார்த்துவிடுங்கள். லோன் இருந்தால் பாங்க் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்கிற சான்று) லோன் முடிந்ததைத் தெரிவிக்கிற படிவம் 35உம், வேறு மாநில வண்டி என்றால் அந்த ஆர்டிஓவின் படிவம் 28 என்ஓசியும் வேண்டும். அதற்கு அப்புறம்தான் இங்கே வரி கட்டி கோவை நம்பரான டிஎன் 38க்கோ 66க்கோ மாற்றுவது. பாலக்காட்டிலிருந்து பேப்பர் வரும் வரை வண்டிக்கு வேலையை நிறுத்தி வைக்க வேண்டாம், ஆனால் என்ஓசி வருமா என்பதே சந்தேகமாக இருக்கிற வண்டிக்கு நாற்பதாயிரம் செலவு செய்யவும் வேண்டாம்.

அங்கீகாரம் வாங்கிய வியாபாரியாக இருந்தால், வண்டியை உங்களிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் ஓனர் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வைக்கலாம், அதன் பிறகு என்ஓசி, டூப்ளிகேட் ஆர்சி, பெயர் மாற்றம் எல்லாவற்றுக்கும் நீங்களே விண்ணப்பிக்கலாம். பழைய ஓனரை ஒவ்வொரு கையெழுத்துக்கும் துரத்த வேண்டிய வேலை மிச்சம்.

சத்தியமங்கலம் வாசகர்: ஆடியில் வண்டி எடுக்க யாரும் வரமாட்டார்கள். அந்த மாதம் ரீகண்டிஷன் வேலையையும் நிறுத்திவிடலாமா?

தம்பி, நேர்மாறாகச் செய்யணும். ஆடியில் விற்கிறவரும் விலையில் இறங்கி வருவார், பட்டறையிலும் கூட்டம் கம்மி. வாங்கி வேலை பார்த்து வைத்தால் ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு உங்கள் லைன் நிறைந்திருக்கும், மற்றவர்கள் அப்போதுதான் வண்டியைப் பட்டறைக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ஒன்றில் மட்டும் கவனம், ஆடிக்காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்றில் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் திறந்த கொட்டகையில் பெயிண்ட் அடித்தால் ஈரம் காய்வதற்குள் தூசி வந்து ஒட்டும், மறுபடி தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். உங்கள் பக்கமும் காற்று அடிக்கிற இடமாக இருந்தால், மூடிய பூத் இருக்கிற பட்டறைக்கு மட்டும் பெயிண்ட் வேலையைக் கொடுங்கள், மற்ற வண்டிகளுக்கு சஸ்பென்ஷன், கிளட்ச், ஏசி, சீட் கவர் வேலையை முதலில் முடித்து வைத்துக்கொள்ளுங்கள்.